சீட்டில் எழுதாதது உள்ளே வந்தால் யார் பொறுப்பு?

1/ அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஐடி கம்பெனில வேலை பாக்குற தம்பி ஒருத்தர், மூணு நாளா காய்ச்சல்னு வந்தார்.
"பாராசிட்டமால் எவ்ளோ போட்டீங்க?"
"650, நாளைக்கு நாலு தடவை டாக்டர்."
"வேற ஏதாவது?"
"ஜலதோஷத்துக்கு மெடிக்கல்ல ஒரு மாத்திரை குடுத்தாங்க. அதுவும் நாலு."
அட்டையைத் திருப்பிப் பார்த்தா, அதுலயும் பாராசிட்டமால் 500.

2/ கூட்டிப் பாருங்க. 2600 + 2000 = 4600 மி.கி. பெரியவங்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பே 4000. அவர் கேட்டு வாங்கினது சளி மாத்திரை. பாராசிட்டமால் அதுக்குள்ள உட்கார்ந்து வந்துடுச்சு. விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்னார்: "எங்க ஆபீஸ்ல இதுக்குப் பேரு டிரான்சிடிவ் டிபென்டன்சி டாக்டர்." அன்னிலேர்ந்து இது மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. அதான் இந்த த்ரெட்.

3/ தெரியாதவங்களுக்கு: சாஃப்ட்வேரை யாரும் முதல் வரியிலிருந்து தானே எழுதறதில்ல. ரெடிமேட் லைப்ரரிகளைச் சேர்த்துக்கறாங்க. நீங்க சேர்த்தது பத்துதான். அந்தப் பத்தும் தனக்கு வேணும்னு இன்னும் சிலதைக் கூட்டிட்டு வரும். அதுங்க இன்னும் சிலதை. கடைசில எண்ணினா நூத்துக்கணக்குல இருக்கும். நீங்க பேர் சொல்லிக் கேட்காமலே உள்ள வந்ததுதான் மறைமுக டிபென்டன்சி.

4/ 2021 டிசம்பர்ல லாக்ஃபோர்ஜே-ங்கற ஜாவா லைப்ரரில பெரிய ஓட்டை. அதோட வேலை வெறும் பதிவு எழுதறது, நம்ம கேஸ் ஷீட்ல நோட்ஸ் எழுதற மாதிரி. அப்போ கூகுள் கணக்கெடுத்தப்ப, மேவன் சென்ட்ரல்ல 35,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் பாதிப்புல இருந்துச்சு. அதுல பெரும்பாலானது லாக்ஃபோர்ஜேவை நேரடியா சேர்க்கவே இல்ல. இன்னொண்ணு மூலமா வந்தது.

5/ நம்ம சென்னை உதாரணமும் இருக்கு. ஜோஹோவோட மேனேஜ்எஞ்சின்ல 20-க்கும் மேற்பட்ட ப்ராடக்ட்ல ஒரே ஓட்டை. 2023 ஜனவரில வெளில பரவலாத் தெரிஞ்சது. காரணம், உள்ள இருந்த அப்பாச்சி சான்டுவாரியோங்கற வெளி லைப்ரரியோட ரொம்பப் பழைய வெர்ஷன். சரிபண்ணினது? அந்த லைப்ரரியைப் புதுசாக்கினது. ஆனா அப்டேட் போடாத இடங்கள் மாட்டிக்கிச்சு. விமானத் துறை நிறுவனம் ஒண்ணுக்குள்ள இந்த வழியா ஆளுங்க நுழைஞ்சதா அந்த வருஷம் செப்டம்பர்ல அமெரிக்காவோட சிசா அமைப்பு அறிக்கை விட்டுச்சு.

6/ "டாக்டருக்கு ஏன் இந்த வேலை?"ன்னு கேப்பீங்க. பூந்தமல்லிலேர்ந்து பெங்களூர் ஹைவேல போங்க. ஸ்ரீபெரும்புதூர் தாண்டினா சுங்குவார்சத்திரம். கோல்ட்ரிஃப் சிரப் தயாரான ஊர். 2025-ல அதைக் குடிச்சு மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்துல கிட்னி செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைங்க செத்துப்போனாங்க.

7/ லேபிள்ல இருந்த மருந்துங்க எதுவும் கொல்லல. கரைப்பானா சேர்த்த ப்ரொப்பிலீன் கிளைகால் மருந்துத் தரத்துல இல்ல. தமிழ்நாடு அரசு ஆய்வகச் சோதனைல டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம். அனுமதிச்ச அளவு 0.1. சீட்டு எழுதின டாக்டரும் கைதானார்.

8/ இங்கதான் என் கருத்து. சீட்டு எழுதறவர் ஒவ்வொரு பாட்டிலையும் லேபுக்கு அனுப்ப முடியாது. வாங்கற அம்மாவாலயும் முடியாது. எல்லாத்தையும் ஒண்ணு சேர்த்து, தன் பேரை ஒட்டி வெளில அனுப்பறவர்தான் உள்ள இருக்கற ஒவ்வொண்ணுக்கும் பொறுப்பு. சாஃப்ட்வேர்லயும் அதேதான். "நாங்க போடல சார், அதுவா வந்துச்சு" பதிலே கிடையாது. லைப்ரரியை ஃப்ரீயா எழுதிக் கொடுத்தவர் மேல பழியைத் தள்றதும் நியாயமில்ல. அவர் உங்களோட எந்த ஒப்பந்தமும் போடல.

9/ சரி, என்ன பண்றது? அந்தத் தம்பிகிட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டதை என் பாஷைல சொல்றேன். முதல்ல ஹிஸ்டரி. மேவன்ல டிபென்டன்சி ட்ரீ, என்பிஎம்ல எக்ஸ்ப்ளெயின். எது உள்ள இருக்கு, யார் கூட்டிட்டு வந்தாங்கன்னு காட்டிடும். இதைப் பார்க்காம மருந்து எழுதாதீங்க.

10/ அடுத்து, கூட்டிட்டு வந்தவரையே முதல்ல அப்டேட் பண்ணுங்க. பாதி கேஸ் அதுலயே சரியாகலாம். அந்தப் பெரிய லைப்ரரில ஒரே ஒரு சின்ன வேலைக்காகத்தான் வெச்சிருக்கீங்கன்னா, அதையே தூக்கிடலாமான்னு யோசிங்க. காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை போதும்னா நாலு மருந்து சேர்ந்த காம்பினேஷன் எதுக்கு?

11/ வேண்டாததை மட்டும் தனியா வெட்டறதுக்கு எக்ஸ்க்ளூஷன் இருக்கு. ஆனா ஜாக்கிரதை. ரொம்ப நாளா எடுத்த ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்தினா உடம்பு விழுந்துடும். அது மாதிரி, பில்ட் நல்லாப் போயிட்டு, லைவ்ல ஓடும்போது விழலாம். அதனால டெஸ்ட் பண்ணுங்க. ஒரு வழியை அடைச்சாலும் இன்னொரு லைப்ரரி மூலமா அதே சரக்கு திரும்ப வரலாம், இன்னொரு பிராண்டுல பாராசிட்டமால் வந்த மாதிரி. மறுபடி ட்ரீயைப் பாருங்க.

12/ வெர்ஷனை ஓவர்ரைடு பண்ணி கட்டாயமா மாத்தறது கடைசி வழி. பண்ணினா ஏன் பண்ணினீங்க, எப்ப எடுக்கணும்னு பக்கத்துலயே எழுதிடுங்க. நிறுத்தற தேதி போடாத சீட்டாலதான் பல பேர் தேவையில்லாத மாத்திரையை வருஷக்கணக்கா முழுங்கறாங்க.

13/ இப்போ சக டாக்டர்களுக்கு. ஆவடி, பூந்தமல்லி பக்கம் சின்ன கிளினிக்லகூட பில்லிங், லேப் ரிப்போர்ட் எல்லாம் சாஃப்ட்வேர்தான். நோயாளியோட ரகசியம் அதுக்குள்ள இருக்கு. விக்க வர்றவர்கிட்ட விலையை மட்டும் கேக்கறோம். உள்ள என்னென்ன இருக்குன்னு பட்டியலையும் கேளுங்க. அதுக்கு எஸ்பாம்னு பேரு. நெட்ல இணையற மருத்துவக் கருவிங்களுக்கு அமெரிக்காவுல 2023-லேர்ந்து அது சட்டப்படி கட்டாயம். இங்க செர்ட்-இன் 2024 அக்டோபர்ல வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு.

14/ பட்டியல் குடுத்தா மட்டும் பத்தாது, கோல்ட்ரிஃப்லயும் லேபிள் இருந்துச்சு. "இதுல ஓட்டைன்னு நியூஸ் வந்தா எத்தனை நாள்ல எனக்குச் சொல்வீங்க?"ன்னும் கேளுங்க. பதில் வரலன்னா வேற ஆளைப் பாருங்க.

15/ தம்பிக்கு சளி மாத்திரையை நிறுத்திட்டு, லிவர் டெஸ்ட் எடுத்தோம். நார்மல். எல்லாருக்கும் ஒரே அட்வைஸ்: அட்டையைத் திருப்பிப் படிங்க.