இராஜபந்தியில் ஓர் இடம்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 14:52, 2 சாமுவேல் 9:1-13



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில், நம் பகுதியில் பந்தாடும் பிள்ளைகளின் வீடுகளைத் தேடி விருந்தினர் சிலர் வருவதுண்டு. அவர்கள் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள், பயிற்சியாளர்கள். மாவட்டப் போட்டியிலும் மண்டலப் போட்டியிலும் ஓரமாக நின்று ஆட்டத்தைக் கவனித்துச் சென்றவர்கள், இப்போது கல்விக் கட்டணம் இல்லை, விடுதி இலவசம், உணவு இலவசம் என்ற வாக்குறுதிகளோடு திண்ணையில் வந்து அமர்கிறார்கள்.

இதைத் தவறென்று நான் சொல்லவில்லை. கால்பந்துக் களத்தில் பதினொருவர்தான் நிற்க முடியும். திறமையுள்ளவரைத் தேடுவது பயிற்சியாளரின் கடமை. பல்கலைக்கழகங்களுக்கிடையே நடைபெறும் போட்டிகளில் ஒட்டுமொத்தமாக முதலிடம் பெறும் பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை வழங்கப்படுகிறது. கோப்பை வந்தால் நிறுவனத்தின் பெயர் உயரும். அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு அதுவே விளம்பரமாகும். பிள்ளைகளுக்கும் இதில் நன்மை உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் சாதனை புரிந்த விளையாட்டு வீரர்களுக்கென்று 3 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்காக ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார். எளிய வீட்டுப் பிள்ளைக்குப் பந்து ஒரு வாசலைத் திறக்கும் என்பது உண்மையே.

ஆனால் அந்த வாசல் எந்தப் பக்கம் மூடும் என்பதையும் நாம் கேட்டறிய வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சபைப் பிள்ளை ஒருவனை இப்படித்தான் வெளிமாவட்டத்துக் கல்லூரி ஒன்று அழைத்துச் சென்றது. கோடையில் வற்றிய கண்மாயில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவன். அவன் புறப்பட்ட ஞாயிறன்று நான் அவன் பெயரை ஆராதனையில் அறிவித்து ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தேன். இரண்டாம் ஆண்டில், ஓர் ஆட்டத்தின் நடுவே அவன் முழங்காலின் தசைநார் அறுந்தது. அடுத்த பருவத்தில் முழுக் கட்டணத்தையும் செலுத்தும்படி கேட்டார்கள். வாக்குறுதிகள் எதுவும் எழுத்தில் இல்லை. அசல் சான்றிதழ்களோ அவர்கள் கையில் இருந்தன. படிப்பைப் பாதியில் விட்டு அவன் ஊர் திரும்பினான்.

வேதத்தில் ஆள் சேர்ப்பதற்கு இரு வழிகளைக் காண்கிறோம். முதலாவது சவுலின் வழி. பலசாலியையோ பராக்கிரமசாலியையோ எங்கே கண்டாலும் அவனைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது அவன் வழக்கம் என்று 1 சாமுவேல் 14-ஆம் அதிகாரம் சொல்லி முடிகிறது. பெலிஸ்தரோடு ஓயாத யுத்தம் இருந்ததால் அது ராஜதந்திரமாகவும் இருந்தது. அந்தப் பலசாலிகளில் ஒருவன் காயப்பட்டு வீடு திரும்பினால் சவுல் அவனை விசாரித்தானா என்பது அங்கே எழுதப்படவில்லை.

இரண்டாவது தாவீதின் வழி. அரியணை ஏறிய பின் அவன் தேடிய ஆட்களில் ஒருவன் மேவிபோசேத். ஐந்து வயதில் தாதியின் கையிலிருந்து விழுந்து இரு கால்களும் முடமானவன். லோதேபாரில் வேறொருவர் வீட்டில் ஒதுங்கியிருந்தவன். போருக்கு உதவாதவன், சவுலின் பேரனாதலால் ஐயத்துக்கும் உரியவன். அவனைத் தாவீது வரவழைத்து, இழந்த நிலங்களைத் திருப்பிக் கொடுத்து, ராஜகுமாரரில் ஒருவனைப்போலத் தன் பந்தியில் அமர்த்தினான். யோனத்தானோடு செய்த உடன்படிக்கையே அதற்குக் காரணம். அவன் இரு கால்களும் முடமானவன் என்பதை மீண்டும் ஒருமுறை நினைவூட்டி அந்த அதிகாரம் முடிகிறது. கால்கள் குணமாகவில்லை, ஆனாலும் பந்தியில் இடம் நிலைத்தது.

ஒப்பந்தத்துக்கும் உடன்படிக்கைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கால் ஓடும்வரை ஒப்பந்தம் ஓடும். கால் நின்றபின்னும் நிற்பது உடன்படிக்கை.

செல்வம் மிகுந்த அமெரிக்காவும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. அங்கே கல்லூரிக் கால்பந்து என்பது வேறு வகை ஆட்டம், பெரும் வணிகமும்கூட. 1973-இல் அங்குள்ள விளையாட்டு உதவித்தொகை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதாக மாற்றப்பட்டது. பயிற்சியாளர் விரும்பாவிட்டால், அடுத்த ஆண்டு மாணவனுக்கு உதவி இல்லை. பல ஆண்டுகளுக்கு உறுதி கொடுக்கும் அனுமதி 2012-இல்தான் மீண்டும் வந்தது. 2021 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். 2025 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். அழைக்கும் விலை உயர்ந்துகொண்டே போகிறது. ஆனால் விலை உயர்ந்தால் அன்பும் உயரும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

நம் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியது, இந்தப் பொட்டல் வெளியின் பிள்ளைகளும் கற்க வேண்டும் என்பதற்காக. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை முதலில் மாணவன், பிறகுதான் வீரன். ஆகவே பெற்றோருக்குச் சில வார்த்தைகள். கட்டணச் சலுகை எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை எழுத்தில் கேளுங்கள். காயம் நேர்ந்தால் மருத்துவச் செலவு யாருடையது, சலுகை தொடருமா என்பதும் அதில் இருக்கட்டும். பிள்ளை விரும்பும் பாடப்பிரிவு கிடைக்குமா, போட்டிக்குச் செல்லும் நாட்களில் தேர்வு வந்தால் என்ன ஏற்பாடு என்று விசாரியுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. அதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அணியில் காயமுற்று ஆட்டத்தை விட்ட மாணவன் ஒருவனைக் கண்டு பேசுங்கள். கோப்பைகள் நிறைந்த அலமாரி சொல்லாத உண்மையை அவன் சொல்லுவான்.

இவ்வளவு எழுதியபின் என்னையும் நான் நியாயந்தீர்க்க வேண்டும். அந்தப் பிள்ளை புறப்பட்டபோது அவன் பெயரை அறிவித்த நான், அவன் திரும்பியபோது அறிவிக்கவில்லை. அவன் வீட்டுப்படி ஏற எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. கதவைத் திறந்தவன் முகத்தில் கோபம் இல்லை; வியப்புதான் இருந்தது. அந்த வியப்பு இன்றும் என்னைக் குத்துகிறது. அவனைக் கைவிட்ட நிறுவனத்தைக் குறைகூற எனக்கு என்ன உரிமை? சபையும் சவுலின் வழியில் ஆள் சேர்ப்பதுண்டு. இனிய குரல் பாடகர் குழுவுக்கு, பணம் உள்ள கை கட்டட நிதிக்கு, இளமை ஓட்டப்பணிகளுக்கு. குரல் தளர்ந்தபின், கை வெறுமையானபின் அவர்கள் எந்த இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள் என்று நாம் திரும்பிப் பார்க்கிறோமா?

அந்தத் தம்பி இன்று தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்பைத் தொடர்கிறான். மாலை வேளைகளில் சிறு பிள்ளைகளுக்குப் பந்தாடக் கற்றுக்கொடுக்கிறான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சபையாரும் அவனை விசாரியுங்கள்.

நாம் பலமுள்ளவர்களாயிருந்தபோது நம் ஆண்டவர் நம்மைத் தெரிந்துகொள்ளவில்லை. நாம் பெலனற்றிருக்கையில் நமக்காக மரித்தார். அவருடைய பந்தியில் நாம் எல்லாரும் மேவிபோசேத்துகளே. இந்த வாரம் நம் தெருவில், நம் உறவில், ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்ட ஒருவரைத் தேடிச் சென்று, நம் வீட்டுப் பந்தியில் அவருக்கு ஓர் இலை போடுவோம்.

கர்த்தர்தாமே நம் பிள்ளைகளின் கால்களைக் காத்து, நம் இருதயங்களை விசாலமாக்குவாராக. ஆமென்.