சோஃபியாவில் 45 நிமிடங்கள்

கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கோலடிப்பவர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். அதில் வியப்பில்லை, கோல் என்பது நிகழ்ந்துவிட்ட ஒன்று, அதைச் சுட்டிக்காட்ட முடியும். தடுப்பாட்டக்காரனின் தொழில் அப்படிப்பட்டதன்று. அவன் சரியாகச் செய்தவை யாவும் நிகழாமற்போனவையாகவே எஞ்சுகின்றன. அவனுடைய பிழைக்கு மட்டும் நிமிடக் கணக்கு உண்டு. இந்தத் தொழிலில் 17 வயதுச் சிறுவன் ஒருவனை இறக்கிவிட்டு அவனிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்ற கேள்வி, நெதர்லாந்தின் மத்தைஸ் டி லிக்ட் ஆட்டவாழ்வின் தொடக்க ஆண்டுகளைப் பின்னோக்கிப் பார்க்கும்போது நம்மை விடாமல் தொடர்கிறது.

1999 ஆகஸ்டு 12 அன்று பிறந்தவர் டி லிக்ட். ஆம்ஸ்டர்டாமுக்கு அருகிலுள்ள அப்கௌட என்ற சிற்றூரில் வளர்ந்து, ஒன்பது வயதில் அயாக்ஸ் கழகத்தின் இளையோர் பள்ளிக்குள் நுழைந்தார். அந்தப் பயிற்சி வளாகத்துக்கு டச்சு மொழியில் வைத்திருக்கும் பெயரின் பொருள் 'எதிர்காலம்'. பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு இதைவிடக் கனமான பெயரை ஒருவர் யோசித்திருக்க முடியாது. 2016 செப்டம்பரில், வில்லம் இரண்டு அணிக்கெதிரான கோப்பைப் போட்டியில் மூத்தோர் அணிக்காக முதன்முதலாக இறங்கினார். கார்னர் பந்தைத் தலையால் முட்டி அன்றே ஒரு கோலும் அடித்தார். அயாக்ஸுக்காக அவரைவிடக் குறைந்த வயதில் கோலடித்தவர் அதுவரை கிளாரன்ஸ் செடார்ஃப் ஒருவரே.

அடுத்து வந்தது சோஃபியா. 2017 மார்ச் 25, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பல்கேரியாவுக்கு எதிரான ஆட்டம். நெதர்லாந்து ஏற்கெனவே 2016 ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதிபெறாத அவமானத்தில் இருந்தது. இம்முறை அதற்கு ஒவ்வொரு புள்ளியும் வேண்டியிருந்தது. வெர்ஜில் வான் டைக் காயத்தில் கிடந்தார். பயிற்சியாளர் டானி பிளிண்ட், 17 வயதும் 225 நாளும் ஆன டி லிக்ட்டை நடுப்பின்களத்தில் நிறுத்தினார். அதற்குமுன் டச்சு லீக்கில் அவர் தொடக்கத்திலிருந்தே ஆடிய ஆட்டங்கள் இரண்டு மட்டுமே. 1931க்குப் பிறகு அந்நாட்டு அணியில் அவ்வளவு இளவயதில் எவரும் அறிமுகமானதில்லை. ஐந்தாவது நிமிடத்தில் உயரமாக வந்த ஒரு பந்தைத் தவறாகக் கணித்தார். ஸ்பாஸ் டெலெவ் அவருக்குப் பின்னாலிருந்து கோலடித்தார். இருபதாவது நிமிடத்தில் டெலெவே மீண்டும். இரண்டிலும் சிறுவனுக்குப் பங்கு இருந்தது. இடைவேளையில் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். ஆட்டம் 2-0 என்று தோல்வியில் முடிந்தது. மறுநாள் பிளிண்ட் பதவிநீக்கம் செய்யப்பட்டார். 2018 உலகக் கோப்பைக்கும் நெதர்லாந்து செல்லவில்லை.

இந்த இரவைப் பற்றிப் பிற்பாடு இரண்டு விதமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். காலத்துக்கு முன்பே பறித்த காய் என்பது ஒன்று. தடுக்கி விழுந்தாலும் எழுந்து நின்ற வீரன் என்பது மற்றொன்று. இரண்டுமே சிறுவனை மட்டும் பார்க்கின்றன. அவனைச் சுற்றி நின்ற பெரியவர்களைப் பார்ப்பதில்லை என்பதே நம் தரப்பு. பிளிண்டின் தவறு ஓர் இளைஞனை நம்பியதில் இல்லை. அணிக்குள் வேறு எதுவும் நிலையாக இல்லாத ஒரு மாலையில், நிலைத்தன்மையை அந்த இளைஞனிடமிருந்து எதிர்பார்த்ததில் இருந்தது. பின்களம் என்பது தனியாள் வேலை அன்று. பக்கத்தில் நிற்பவன் எங்கே இருப்பான், முன்னால் நிற்பவன் எப்போது பின்வாங்குவான் என்ற பழக்கத்தின் மேல்தான் ஒருவனுடைய கணிப்பு எழுகிறது. அந்தப் பழக்கம் ஒரு வாரப் பயிற்சியில் வந்துவிடுவதில்லை. சோஃபியாவில் அவருக்கு அது தரப்படவில்லை. கணக்கு மட்டும் அவர் பெயரில் எழுதப்பட்டது.

அயாக்ஸ் என்ன செய்தது என்பதே நமக்கு முக்கியமாகப் படுகிறது. அது அவரை ஒளித்துவைக்கவில்லை, வீரவுரை ஆற்றவும் இல்லை. பேட்டர் போஸ் அவரைத் தொடர்ந்து ஆடவிட்டார், அவ்வளவே. சோஃபியாவுக்குச் சரியாக 60 நாள் கழித்து, மே 24 அன்று, ஸ்டாக்ஹோமில் மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு எதிரான யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் அவர் களமிறங்கினார். பெரிய ஐரோப்பிய இறுதியாட்டம் ஒன்றில் ஆடியவர்களில் ஆக இளையவர் என்ற பெயரோடு. அன்று இறங்கிய அயாக்ஸ் பதினொருவரின் சராசரி வயது 23ஐத் தொடவில்லை. 2-0 என்று தோற்றார்கள். அதற்குப் பின்னும் அவர் இடம் பறிக்கப்படவில்லை. இந்தச் சாதாரணத்தன்மை கால்பந்தில் அரிது, இலக்கியத்திலும்கூட அரிதுதான். முதல் தொகுப்பில் கொண்டாடி, இரண்டாவதில் புதைத்துவிட்டு, மூன்றாவதைப் படிக்காமலே விடுகிற வாசகர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில் ஆஸ்திரியாவில் ஒரு நட்புறவு ஆட்டத்தின்போது, டி லிக்ட்டின் தலைமுறையைச் சேர்ந்த அப்தெல்ஹக் நூரி இதயம் செயலிழந்து களத்தில் சரிந்தார். மூளையில் மீளாத பாதிப்பு ஏற்பட்டது. 'எதிர்காலம்' என்ற பெயருக்குள் வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு இளமை அன்றோடு முடிந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

2018 மார்ச்சில், யோயல் வெல்ட்மன் காயமுற்றதையடுத்து, 18 வயது டி லிக்ட் அணித்தலைவரானார். அயாக்ஸ் வரலாற்றில் அவ்வளவு இளைய தலைவர் இருந்ததில்லை. அவ்வாண்டின் இறுதியில், ஐரோப்பாவின் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கு இத்தாலிய நாளேடு ஒன்று வழங்கும் 'கோல்டன் பாய்' விருதும் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் தடுப்பாட்டக்காரர் அவரே. எரிக் டென் ஹாக்கின் அணி 2019இல் மாட்ரிட்டில் ரியாலை 4-1 என்றும், டூரினில் யுவெண்டஸை 2-1 என்றும் வென்றது. டூரினில் வெற்றிக் கோல் டி லிக்ட்டின் தலையிலிருந்து வந்தது. அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்திலும் ஐந்தாவது நிமிடத்தில் அவரே கோலடித்தார். ஆனால் அந்த மே 8ஆம் தேதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் டாட்டன்ஹாமின் நீண்ட பந்து ஒன்று வந்தபோது, அதற்காக யோரெந்தேயோடு போட்டியிட்டவரும் அவரேதான். பந்து டெலே அல்லி வழியாக லூகாஸ் மௌராவிடம் போயிற்று. 3-2. ஒரே ஆட்டத்தின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் ஒரே பெயர்!

இக்காலமெங்கும் அவரைப் பற்றி எழுதியவர்கள் ஒரு சொல்லைத்தான் மீண்டும் மீண்டும் எடுத்தார்கள்: முதிர்ச்சி. வயதுக்கு மீறிய முதிர்ச்சி, முப்பது வயதுக்காரரின் நிதானம், இப்படி. பாராட்டுத்தான். ஆனால் இந்தப் பாராட்டுக்குள் ஓர் அபகரிப்பு இருக்கிறது. ஒருவனை முதிர்ந்தவன் என்று அறிவித்துவிட்டால், கற்றுக்கொள்ளும் உரிமையை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்று பொருள். 2019 ஜூலையில் யுவெண்டஸ் 7.5 கோடி யூரோ கொடுத்து அவரை வாங்கியது. கியெல்லினிக்கு முழங்காலில் பெருங்காயம் நேரவே, பழகிக்கொள்ள அவகாசமின்றி உடனே இறங்கவேண்டியதாயிற்று. மொழி புதிது, ஆட்டமுறை புதிது. அக்டோபரில் இண்டருக்கு எதிராகவும் லெச்சேக்கு எதிராகவும் அவர் கையில் பந்து பட்டுப் பெனால்டிகள் விழுந்தன. வயது இருபது என்பதை உடனே மறந்துவிட்டு, விலையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். நவம்பர் 2 அன்று டொரினோவுக்கு எதிரான நகரப் போட்டியில் ஆட்டத்தின் ஒரே கோலை அவர் அடித்தபோது அதே வாய்கள் மீண்டும் முதிர்ச்சி என்றன.

நமக்கு அவரிடம் பிடித்தது இந்தச் சொல்லுக்குள் அடங்காத ஒன்று. 2019 ஜூன் 6, நேஷன்ஸ் லீக் அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக, காலடியில் இருந்த பந்தை இழந்து, ராஷ்ஃபோர்டை வீழ்த்திப் பெனால்டி கொடுத்தார். சோஃபியாவின் சாயல் அப்படியே இருந்தது. ஆனால் இப்போது பக்கத்தில் வான் டைக் இருந்தார். பின்னால், ரொனால்ட் கூமன் ஓராண்டுக்கு மேலாகக் கட்டியெழுப்பிய ஓர் ஒழுங்கு இருந்தது. யாரும் அவரை வெளியே எடுக்கவில்லை. 73ஆவது நிமிடத்தில் கார்னர் ஒன்று வந்தபோது, அவர் மேலெழுந்து தலையால் முட்டிச் சமன்செய்தார். கூடுதல் நேரத்தில் நெதர்லாந்து 3-1 என்று வென்றது. 19 வயதில் அவர் பிழைசெய்வதை நிறுத்திவிடவில்லை. பிழைக்குப் பிறகும் களத்தில் இருக்க அனுமதிக்கப்பட்டிருந்தார்.