ஒரு தொழிலோ, இரு தொழிலோ?

‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்பது நம்மனோர் பழமொழி. இஃது எவ்விடத்தும் உண்மையாமோ என்பதை, யான் விரும்பி ஆடிவரும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தைக்கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் வகுத்த இவ்வாட்டம் 1974-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நண்பர் சிலர் மேசையைச் சூழ்ந்தமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தனைப் படைத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை வாய்மொழியால் நடத்துவர். போர்வீரன், மந்திரவாதி, கள்வன் முதலிய தொழில்களுள் ஒன்று ஒவ்வொரு மாந்தனுக்கும் உரியது. இடர்களை வெல்லுந்தோறும் அவன் படிப்படியாக உயர்வான். 20-ஆம் படியே எல்லை. அங்ஙனம் உயருங்கால் வேறொரு தொழிலிலும் படியேறுதலே ‘மல்டிகிளாசிங்’ எனப்படும்.

1978-ஆம் ஆண்டு விதிநூலின்படி, மானிட மாந்தன் இரண்டாந் தொழிலை மேற்கொள்ளின் முதற்றொழிலில் மேலும் உயர்தல் இயலாது. 2014-ஆம் ஆண்டு விதிகளோ, இரு தொழிற்கும் உரிய திறன்கள் 13-க்குக் குறையாதிருப்பின் எவரையும் தடுப்பதில்லை. தடை நீங்கவே, தெரிந்தெடுக்கும் பொறுப்பு ஆடுவோன் தலைமேல் வந்தது.

இதனால் வரும் நன்மை சிறிதன்று. முதற்படியில் வீரனாய்த் தொடங்கிப் பின் மந்திரவாதியாவோன், கனத்த கவசமும் கேடயமும் பூண்டே மந்திரம் ஓதலாம். ஏனை மந்திரவாதியர் வீழுமிடத்து இவன் நிற்பான். இதற்கு அவன் கொடுக்கும் விலை ஒரு படியே.

இனி, இழப்பை நோக்குவாம். 5-ஆம் படியில் மந்திரவாதி தீக்கோளம் எறியும் ஆற்றல் பெறுவான். வீரன் ஒரு முறைக்கு இருகாற் றாக்கும் உரிமை பெறுவான். மூன்று படி வீரனும் இரண்டு படி மந்திரவாதியுமாய் நிற்போனுக்கு இவ்விரண்டும் இல்லை. இருபதையும் பத்தும் பத்துமாய்ப் பகுப்பினும், 11-ஆம் படியில் வீரன் பெறும் மூன்றாந் தாக்குதலும், மந்திரவாதி பெறும் ஆறாம் நிலை மந்திரங்களும் ஒவ்வொரு படியாற் கைதவறிப் போம்.

யானும் அத்தகையோன் ஒருவனைப் படைத்து மகிழ்ந்திருந்தேன். ஒருநாள் கதையில், குகையொன்றில் பகைவர் எம்மைச் சூழ்ந்தனர். ‘தீக்கோளம் எறிக’ எனத் தோழர் மூவரும் என்னை நோக்கினர். என்பால் அஃதில்லை. எம்மைக் காத்து வழிவிட்டு நின்ற குருவின் உயிர் அங்கே போயிற்று. ஓராண்டாக அக்குருவை நடத்திவந்த நண்பன் ஒன்றும் சொல்லாது தன் ஏட்டை மூடினான். அந்த மௌனமே எனக்குப் பாடமாயிற்று.

‘விளையாட்டன்றோ? அவரவர் விருப்பப்படி ஆடுதலே முறை’ என்பார் உளர். தனியே ஆடுவதாயின் அஃது ஒக்கும். நால்வர் கூடி ஆடுமிடத்து, ஒருவன் பன்முகத் திறனுக்கு வேண்டிய காலத்தை ஏனையோரும் உடன் கொடுக்கின்றனர். ஆதலின், இரண்டாந் தொழில் கொள்வோன் ‘யான் பெறுவது யாது?’ என்று மட்டும் கேளாது, ‘எனக்கு எது தாழ்க்கும்? அத்தாழ்வை யார் சுமப்பர்?’ என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாவைத் தோழரிடமே முன்னர் வைத்தல் வேண்டும்.

தச்சன் பல மரம் காண்பது பிழையன்று. வீட்டார் மழையில் நனைய, அவன் இன்னும் மரம் பார்த்து நிற்பதே பிழை என்பது எளியேன் துணிபு.