ஆறுதலாப் போனால் பிடிக்கலாம்



இந்தக் கிழமைப் பதிவில் விண்வெளிச் சண்டை கேம்களைப் பற்றி முக்கால் மணித்தியாலம் கதைச்சம். எந்த கிராபிக்ஸ் கார்ட் வேணும், ஜோய்ஸ்டிக் வாங்கலாமா, எதை எப்ப மலிவா எடுக்கலாம் எண்டெல்லாம் சொன்னம். மைக்கை நிப்பாட்டிப்போட்டு 7ஆம் நம்பர் மெட்ரோவில் லா கூர்னெவுக்குத் திரும்பி வரேக்கைதான் யோசிச்சன், முக்கியமான ஒண்டைச் சொல்லேல்லை. இந்த கேம்களை ஆசையா வாங்கிற கன பேர் ஏன் முதல் கிழமையே விட்டுட்டுப் போயினம்? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என்ர சித்தியின்ர மகனுக்குப் பதினேழு வயது. லிசேயில் படிக்கிறான், கெட்டிக்காரன். போன மாதம் எலீட் டேஞ்சரஸ் வாங்கினான். முதல் நாள், நிலையத்தின்ர வாசல் விளிம்பில் கப்பலை அடிச்சு உடைச்சான். இரண்டாம் நாள், ஒரு கொள்ளைக்காரக் கப்பலைத் துரத்திப்போய் ஒரு நிமிசத்துக்குள்ளை வெடிச்சான். மூன்றாம் நாள், போகவேண்டிய நிலையத்தைத் தாண்டித் தாண்டி நாலு தரம் திரும்பி வந்தான். அண்டைக்கு இரவே கேமை அழிச்சுப்போட்டான்.

"அண்ணா, எனக்கு இது சரிவராது" எண்டான்.

நான் சொன்ன பதில்: "பழகு, வரும்."

இப்ப யோசிச்சால் அது ஒரு மொக்கை அறிவுரை. ஏனெண்டால் அவன் பழகிக்கொண்டுதான் இருந்தவன். பிழையான ஒண்டை மூன்று நாள் பழகினவன். இன்னும் முப்பது நாள் அப்பிடியே பழகியிருந்தால், பிழைதான் இன்னும் வடிவாப் பழகியிருக்கும்.

என்ர கருத்து இதுதான். இந்த கேம்களின்ர முதல் பத்து மணித்தியாலக் கஷ்டம் கை வேகத்தில் இல்லை. உள்ளுணர்வு சொல்லுற வழி பிழையா இருக்கிறதுதான் கஷ்டம். தோற்கிற நேரத்தில் எங்கட உடம்பு "இன்னும் வேகம், இன்னும் அழுத்து" எண்டு சொல்லும். விண்வெளி கேமில் அநேகமா அதுக்கு எதிரானதைத்தான் செய்யோணும்.

தம்பியின்ர மூன்று நாளையும் ஒருக்கா பாருங்கோ.

சண்டையில் எதிரி பின்னுக்கு வந்தவுடனே அவன் த்ரொட்டிலை முழுசாத் தள்ளினவன். எலீட் டேஞ்சரஸில் வேக அளவுகோலின்ர நடுவில் நீல நிறத்தில் ஒரு பகுதி இருக்கு. வேகம் அதுக்குள்ளை நிற்கேக்கைதான் கப்பல் ஆகக் கெதியாத் திரும்பும். முழு வேகத்தில் போனால் வட்டம் பெரிசாகும், எதிரி சின்ன வட்டத்தில் உள்ளுக்கு நின்று சுடுவான். அதாவது வேகத்தைக் குறைச்சவன்தான் மற்றவனின்ர முதுகைப் பிடிப்பான்.

நிலையத்துக்குப் போற பயணமும் அப்பிடித்தான். போய்ச் சேர எத்தினை விநாடி எண்டு திரையில் காட்டும். அது 7 விநாடிக்கு வரேக்கை த்ரொட்டிலை நாலில் மூன்று பங்குக்குக் குறைச்சால், கப்பல் தன்பாட்டில் ஒழுங்காப் போய் நிற்கும். முழு வேகத்தில் போனால் தாண்டிப் போய்த் திரும்பி வரவேணும். ஆங்கிலத்தில் விளையாடுறவை அந்தச் சுற்றுக்கு 'வெட்கச் சுற்று' எண்டு பேரே வைச்சிருக்கினம். எல்லாரும் சுத்தின சுற்று எண்டபடியால்தான் அதுக்குப் பேர் வந்திருக்கு.

மின்சாரப் பங்கீடும் இப்பிடித்தான். கப்பலின்ர சக்தியை ஷீல்ட், எஞ்சின், ஆயுதம் எண்டு மூன்றுக்கும் பிரிச்சுக் குடுக்கலாம். புதுசா வாறவை அதைத் தொடவே மாட்டினம், இல்லாட்டி எல்லாத்தையும் ஆயுதத்துக்குக் குடுப்பினம். அடி வாங்கேக்கை சுடுறதை விட்டுட்டு ஷீல்டுக்குச் சக்தியை மாத்தினால் உயிர் தப்பலாம். ஆனால் அடி வாங்கிற நேரத்தில் சுடாமல் இருக்க மனம் விடாது.

இது கேமில் மட்டும் நடக்கிறதில்லை. 1965 ஜூனில் நாசாவின்ர ஜெமினி 4 பயணத்தில் ஜிம் மக்டிவிட் எண்ட விமானி, தங்களைக் கொண்டுவந்த ரொக்கெட்டின்ர கழன்ற பாகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கப் பாத்தார். போர் விமானம் ஓட்டிப் பழகின ஆள். பாகம் முன்னுக்குத் தெரியுது, அதைப் பாத்து எஞ்சினைத் தட்டினார். கிட்ட வரேல்லை. திரும்பத் தட்டினார். இன்னும் தள்ளிப் போச்சுது. எரிபொருள் கரைஞ்சுகொண்டு போக, கடைசியில் முயற்சியையே கைவிட்டினம்.

காரணம் சின்னது. பூமியைச் சுத்தேக்கை முன்னுக்குத் தள்ளினால் கப்பல் உயரமான சுற்றுக்குப் போகும். உயரமான சுற்று மெதுவான சுற்று, அதனால் பின்தங்குவீங்கள். முன்னுக்கு நிற்கிறதைப் பிடிக்க முதலில் பிரேக் பிடிக்கோணும். கீழ்ச் சுற்றுக்கு இறங்கி, அங்கை கெதியாச் சுத்தி, பிறகு மேலை ஏறிப் பிடிக்கோணும். அதே வருசம் டிசம்பரில் ஜெமினி 6ஏ கப்பல் ஜெமினி 7க்குக் கிட்டப் போய், ஒரு அடி இடைவெளியில் நின்றது. ஆறு மாதத்துக்குள்ளை மனுசரின்ர கை வேகம் கூடேல்லை. எந்த நேரத்தில் எதைச் செய்யோணும் எண்டு விளங்கிப் பழகினதுதான் வித்தியாசம்.

எலீட் டேஞ்சரஸில் இந்தச் சுற்றுப்பாதைக் கணக்கு இல்லை. ஆனால் பாடம் ஒண்டுதான். நாசாவின்ர விமானியே முதல் தரம் பிழைவிட்ட இடத்தில், லா கூர்னெவ் பெடியன் ஒருத்தன் மூன்று நாளில் "எனக்குச் சரிவராது" எண்டு முடிவெடுக்கிறது நியாயமா?

இதில் எங்கட வீட்டுப் பிரச்சினையும் ஒண்டு இருக்கு. நாங்கள் வளந்தது 20க்கு எத்தினை எண்ட கேள்விக்கு நடுவில். 16 எடுத்தால் "மிச்சம் 4 எங்கை?" எண்டு கேட்பினம். எந்தப் பிள்ளை எத்தினை எடுத்தது எண்டு மாமி வீட்டில் ஒரு பட்டியலே இருக்கும். அம்மா அப்பாவைக் குறை சொல்லேல்லை, அவை பட்ட பாடு அப்பிடி. ஆனால் அதால் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்திட்டுது: முதல் தரமே வராத வேலையை மெல்ல விட்டுட்டு, வாற வேலையை மட்டும் செய்யிறது. கேமை அழிக்கிறது சின்ன விசயம். அதே மாதிரி கோடிங்கை, கித்தாரை, தமிழ் எழுத்தைக்கூட மூன்றாம் நாளில் அழிச்சவை எங்களுக்குள்ளை இருக்கினம். நானும் அதில் ஒருத்தன்.

"கேம் பிடிக்கேல்லை" எண்டு விடுறது சரி. ஆருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. "எனக்குச் சரிவராது" எண்டு விடுறது வேறை. முதலாவது கேமைப் பற்றின முடிவு. இரண்டாவது உங்களைப் பற்றின முடிவு. அந்த முடிவை மூன்று நாளில் எடுக்காதேங்கோ.

இன்னொரு பக்கத்தில் "கஷ்டமெண்டால் கஷ்டம்தான், ஏலாதவன் போகட்டும்" எண்டு சொல்லுறவையும் இருக்கினம். அதையும் நான் ஏத்துக்கொள்ளேல்லை. எலீட் எண்ட முதல் கேம் 1984இல் பிபிசி மைக்ரோ கணினிக்கு வந்தது. செய்தது கேம்பிரிட்ஜில் படிச்ச இரண்டு மாணவர்கள், டேவிட் பிரேபனும் இயன் பெல்லும். சுழலுற நிலையத்தின்ர சின்ன வாசலுக்குள்ளை, அதோடை சேர்ந்து சுழண்டுகொண்டே நுழையோணும். சரியான கஷ்டம். ஆனால் பெட்டிக்குள்ளை ஒரு பயிற்சிக் கையேடு இருந்தது, கப்பலைத் தானா இறக்கிற கருவியைக் கேமுக்குள்ளையே காசு குடுத்து வாங்கவும் ஏலும். உதவி தொடக்கத்திலேயே இருந்தது. இப்ப கையேடு கையில் கிடைக்கிறதில்லை, அதனால் யூடியூப்பில் பாக்கிறதும் தெரிஞ்ச ஆளைக் கேட்கிறதும் ஏமாத்து இல்லை. முந்திப் பெட்டிக்குள்ளை இருந்தது இப்ப வெளியிலை இருக்கு, அவ்வளவுதான்.

தானா இறக்கிற கருவி இப்பவும் இருக்கு. பாவிக்கலாம், வெட்கமில்லை. ஆனால் ஒரு பத்துத் தரமாவது கையால் இறக்கிப் பழகின பிறகு பாவியுங்கோ. ஏன் எண்டதுக்கு எங்கட ஊருக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கு. லா கூர்னெவ்-ஓபெர்வில்லியேயில் ஏர்இஆர் பி எடுத்தால் அடுத்த ஸ்டேசன் லு பூர்ஜே. அங்கையிருந்து பஸ் எடுத்தால் வானூர்தி, விண்வெளி அருங்காட்சியகம். சோயுஸ் டி-6 கப்பல் பூமிக்குத் திரும்பி வந்த பாகம் அங்கை இருக்கு. 1982இல் விண்வெளிக்குப் போன முதல் பிரெஞ்சுக்காரர் ஜான்-லூ கிரேத்தியன் போனது அதில்தான். சல்யூட் 7 நிலையத்துக்குக் கிட்டப் போகேக்கை தானியங்கிக் கருவி பிழைச்சுப் போச்சுது. தளபதி விளாடிமிர் ஜானிபெகோவ் கையால் ஓட்டிப் பொருத்தினார். அவர் கையால் பழகியிருந்தவர்.

தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கை கூட்டிக்கொண்டு போனனான். அந்தக் கலத்தைப் பாத்து "இவ்வளவு சின்னதா?" எண்டு மட்டும் கேட்டான். வீட்டுக்கு வந்த பிறகு கேமைத் திரும்ப இறக்கினம். இந்த முறை "பழகு" எண்டு சொல்லாமல், ஐந்து பின்னேரத்துக்கு ஒரு திட்டம் போட்டம். உங்களுக்கும் உதவலாம்.

முதல் பின்னேரம் பறக்கவே இல்லை. பட்டன்களை மட்டும் ஒழுங்குபடுத்தினம். எங்கட கீபோர்ட் ஆசெர்ட்டி. ஆங்கிலக் கீபோர்ட்டை நினைச்சு வைச்ச பட்டன்கள் எங்களுக்கு இடம் மாறிக் கிடக்கும். சண்டைக்கு நடுவில் விரல் தடுமாறுறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

இரண்டாம் பின்னேரம் வெளிக்கிடுறதும் இறங்கிறதும் மட்டும். 7.5 கிலோமீட்டருக்குள்ளை வந்து அனுமதி கேட்கிறது, வாசலின்ர பச்சை விளக்கு வலப்பக்கம் வரும்படி கப்பலைத் திருப்புறது, வேகத்தை 100க்குக் கீழை வைக்கிறது, சில்லை இறக்கிறது. பத்துத் தரம். வேறை ஒண்டுமில்லை.

மூன்றாம் பின்னேரம் இரண்டு நிலையத்துக்கு நடுவில் போய் வாறது. 7 விநாடிக் கணக்கு மட்டும்.

நாலாம் பின்னேரம் சண்டை, ஆனால் தனிய இல்லை. கனிமம் எடுக்கிற இடங்களில் பொலிஸ் கப்பல்கள் கொள்ளைக்காரரோடை சண்டை பிடிச்சுக்கொண்டு நிற்கும். அவைக்குப் பக்கத்தில் நின்று, அவை அடிக்கிறவனையே நீங்களும் அடியுங்கோ. ஒரு விசயம் கவனம். கப்பலை ஸ்கான் பண்ணி, தேடப்படுறவன் எண்டு திரையில் வந்த பிறகுதான் சுடோணும். அதுக்கு முதல் சுட்டால் பொலிஸ் உங்களைச் சுடும். தானாக் கொஞ்சம் திரும்பிக் குறிபிடிக்கிற ஆயுதத்தைப் போடுங்கோ, குறி பாக்கிற வேலை குறையும்.

ஐந்தாம் பின்னேரம்தான் சக்தியைப் பிரிக்கிற வேலை. நாலு நாளும் மற்றது கைக்கு வந்தபடியால் இதுக்கு மூளையில் இடம் இருக்கும்.

கடைசியா ஒரு காசு விசயம். தொடக்கக் கப்பலான சைட்வைண்டர் உடைஞ்சால் சும்மாவே திரும்பத் தருவினம். பெரிய கப்பல் உடைஞ்சால் அதின்ர பெறுமதியில் 5 வீதம் கட்டித்தான் திரும்ப எடுக்கலாம். அந்தக் காசு கையில் இல்லாமல் பெரிய கப்பலில் ஏறாதேங்கோ. உடைச்சுப் பழகத்தான் சின்னக் கப்பல் தந்திருக்கு, பயமில்லாமல் உடையுங்கோ.

நாங்கள் இரண்டு பேரும் திரைக்கு முன்னாலை இருந்து கத்திக்கொண்டிருக்க, வேலையால் வந்த அப்பா கொஞ்ச நேரம் பின்னுக்கு நின்று பாத்தார். அப்பா பாரிசுக்கு வந்து முதல் செய்தது ஒரு ரெஸ்டோரண்ட் பிளோன்ஜில் சட்டி கழுவினது. பிறகுதான் குசினிக்கை விட்டவை. "எனக்கும் கத்தி பழகேக்கை இதுதான் நடந்தது. கெதியா வெட்டப் பாக்கிறவன்தான் கையை வெட்டுவான். ஆறுதலா வெட்டு, வேகம் தன்பாட்டில் வரும்" எண்டார். பிறகு "அது சரி, சாப்பிட்டாச்சோ?" எண்டு கேட்டுட்டுப் போயிட்டார். நான் இரண்டு பக்கம் எழுதினதை அவர் இரண்டு வசனத்தில் முடிச்சிட்டார்.

தம்பி இப்பவும் வெடிக்கிறான். போன வெள்ளிக்கிழமையும் ஒருக்கா வெடிச்சான். ஆனால் இப்ப "ஏன் வெடிச்சது தெரியுமோ அண்ணா, நான் நீலத்துக்கு வெளியிலை போயிட்டன்" எண்டு சொல்லுறான். பிழை எங்கை எண்டு அவனுக்குத் தெரியுது, அது அவனில் இல்லை எண்டும் தெரியுது. எனக்கு அது காணும்.

நீங்கள் மூன்றாம் நாளில் அழிச்ச கேம் எது? இந்தக் கடிதத்துக்குப் பதிலா எழுதுங்கோ, அடுத்த பதிவில் வாசிக்கிறம். தமிழில் எழுத்துப்பிழை வந்தாலும் பரவாயில்லை, ஆறுதலா எழுதுங்கோ.

அடுத்த கிழமை சந்திப்பம்!