மாத்திரைப் பையும் மின் அதிர்வு சிகிச்சையும்

"ஷாக் ட்ரீட்மென்ட்" என்று சொன்னதுமே நம் வயதுக்காரர்கள் பலருக்கு முகம் மாறிவிடுகிறது. நாம் பார்த்து வளர்ந்த சினிமாக்கள் அப்படி. நாலு பேர் கை காலை அமுக்கிப் பிடிக்க, நோயாளி துடிக்கத் துடிக்க கரண்ட் வைப்பார்கள். அந்தக் காட்சியை நம்பி, பலன் பெறக்கூடிய பெரியவர்களை வீட்டிலேயே வாடவிடுகிறோம் என்பது என் கருத்து. 30 வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

1938-ல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரு மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அப்போது மயக்க மருந்து கொடுக்கவில்லை. வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்தவர்களும் உண்டு. இன்று அப்படியில்லை. மயக்க ஊசி, தசையைத் தளர்த்தும் ஊசி, மூச்சுக்கு ஆக்சிஜன் எல்லாம் கொடுத்த பிறகு சில விநாடிகள்தான் மின்சாரம். அதனால் வரும் வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். நம் நாட்டின் 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது என்று தடை போட்டிருக்கிறது.

"இந்த வயசுல தாங்குமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. வயது மட்டுமே தடையில்லை. சாப்பாட்டையும் தண்ணீரையும் மறுக்கும் அளவுக்கு மனச்சோர்வு முற்றிய முதியவர்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. டாக்டர்கள் யோசிப்பது வேறு விஷயங்களை: சமீபத்தில் மாரடைப்பு வந்ததா, மூளையில் ரத்தக் கசிவோ கட்டியோ உண்டா, மயக்க மருந்தைத் தாங்குமா என்று. பேஸ்மேக்கர் இருந்தால்கூட, இதய டாக்டரைக் கலந்துகொண்டு செய்ய முடிகிறது.

இதற்கு இணையாக முக்கியமான இன்னொன்றை நாம் மறந்துவிடுகிறோம். அது நம் மாத்திரைப் பை.

சில வருடங்களுக்கு முன் என் நண்பரின் மகன் வந்தான். "மாமா, அம்மாவுக்குக் கரண்ட் வைக்கணும்னு சொல்றாங்க. 72 வயசு, எனக்கு மனசு கேக்கல" என்றான். கணவர் போனபின் அந்த அம்மா பேச்சைக் குறைத்து, பிறகு சாப்பாட்டையும் நிறுத்திவிட்டிருந்தார். "முதல்ல அம்மா சாப்பிடுற மருந்தையெல்லாம் எடுத்துட்டு வாப்பா" என்றேன். மஞ்சப்பை நிறைய வந்தது. டாக்டரிடம் அவன் சொல்லியிருந்தது பி.பி., சுகர் மாத்திரைகளை மட்டும். பைக்குள் ஆஸ்துமாவுக்கான தியோபிலின் இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் சும்மா வாங்கிய குளோனசெபாம் தூக்க மாத்திரையும் இருந்தது.

தியோபிலின் வலிப்பை அளவுக்கு மீறி நீட்டிவிடலாம். தூக்க மாத்திரை அதற்கு நேர்மாறு, வலிப்பே சரியாக வராமல் தடுத்து சிகிச்சையை வீணாக்கிவிடும். இப்படி இன்னும் உண்டு. லித்தியம் சாப்பிடுபவருக்குக் குழப்பம் அதிகமாகலாம். வலிப்பு நோய்க்கான மருந்துகளின் அளவை மாற்ற வேண்டி வரலாம். சிகிச்சையன்று வெறும் வயிறு என்பதால், சுகர் மாத்திரையை வழக்கம்போலப் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். பி.பி. மாத்திரையையோ பெரும்பாலும் ஒரு மிடறு தண்ணீரில் போடச் சொல்வார்கள். சில கண் சொட்டு மருந்துகள்கூட மயக்க டாக்டருக்குத் தெரிய வேண்டியவை.

இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல நாள் சாப்பிட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் அதுவே ஆபத்து. எதைக் குறைப்பது, எதைத் தொடர்வது என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. எதையும் மறைக்காமல் பையோடு கொண்டுபோவது நம் வேலை. லேகியம், சூரணம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாத்திரை எல்லாம் அதில் சேர்த்தி.

அந்த அம்மாவுக்கு மருந்துகளைச் சரிசெய்த பிறகு சிகிச்சை நடந்தது. ஐந்தாவது முறைக்குப் பின் தானாகக் காபி கேட்டாராம். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் அவருக்குச் சரியாக நினைவில்லை. இந்த மறதி பொய்யில்லை. பலருக்கு வரும், பெரும்பாலும் சிகிச்சைக் காலத்தை ஒட்டிய நினைவுகள்தான் போகும், சிலருக்குப் பழையதும் கொஞ்சம் போகலாம். அதையும் சம்மதம் கேட்கும்போதே குடும்பத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறாங்களா?" என்று போகிற போக்கில் கேட்டால், "இல்லை" என்றுதான் பதில் வரும். நமக்குத் தூக்க மாத்திரையும் கண் சொட்டும் மருந்துக் கணக்கிலேயே வராது. பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்த மாத்திரையை எந்த நாளில் என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலைதான் அது.

வீட்டில் பெரியவர் ஒருவர் சாப்பிடாமல், பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். சினிமாவை மறந்துவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். போகும்போது அந்த மஞ்சப்பையை எடுத்துக்கொள்ளுங்கள்.