பொங்கலுக்கு வராட்டியும் பரவாயில்லை, மார்கழியில் வாங்க



தலைப்பைப் பார்த்து கோபப்பட வேணாம். பொங்கலுக்கும் வாங்க, யார் வேண்டாம்னு சொன்னது? ஆனா வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் ஊருக்கு வர முடியும் என்றால், அதை பிள்ளைகளோட அரையாண்டுப் பரீட்சை லீவில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நான் மன்னார்குடி பக்கம் ஒன்பது மா நிலத்தில் சாகுபடி செய்கிறவன். உங்க கணக்கில் மூன்று ஏக்கர். ஆவணியில் நாற்று விட்டு புரட்டாசியில் சம்பா நடுகிறோம். ஐப்பசியும் கார்த்திகையும் எங்களுக்கு சரியான தூக்கம் கிடையாது. வடிகால் அடைச்சுக்கிச்சா, வரப்பு உடைஞ்சுதா, டிவியில் புயல் சின்னம் என்ன சொல்றான் என்றே பொழுது போகும். 2018 நவம்பர் 16-ல் கஜா அடித்த ராத்திரிக்கு அப்புறம், காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிற ஆட்கள் எங்க ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மார்கழி பிறந்தாதான் எங்களுக்கு மூச்சு வரும்.

அப்போ மழை பெரும்பாலும் விட்டிருக்கும். களை எடுத்தாச்சு, மேலுரம் போட்டாச்சு. கதிர் வெளியே வந்துகொண்டிருக்கும். அதற்கு மேல் விவசாயி செய்ய முடிஞ்சது காவல்தான். தண்ணி பார்க்கணும், எலிக்கு கிட்டி வைக்கணும், கதிர்நாவாய்ப்பூச்சி விழுந்திருக்கா என்று பார்க்கணும். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நடுவில் இருக்கிற நேரம் எங்களுக்குச் சொந்தம். திண்ணையில் உட்கார்ந்து பேச ஆள் இருக்கும்.

தை பிறந்தால் கதை வேற. அறுப்பு மெஷினுக்கு ஆள் ஆளாகப் போய் நிற்கணும். அறுக்கிறதுக்கு ஏழு பத்து நாளைக்கு முன்னாடியே, நிற்கிற பயிருக்குள்ள உளுந்து தெளிக்கணும். ஈரம் காஞ்சுபோச்சுன்னா விதை முளைக்காது. வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவார்கள், அந்தக் கணக்கும் மனசில் ஓடும். அறுத்த நெல்லை கொள்முதல் நிலையத்துக்கு கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கணும். காய வைக்கணும், ராத்திரி தார்ப்பாய் போட்டு படுத்துக் கிடக்கணும். 2021-ல் பொங்கல் சமயத்திலேயே மழை கொட்டி, விளைந்த கதிர் சாய்ந்து முளைத்ததை டெல்டாக்காரன் எவனும் மறக்க மாட்டான்.

நீங்கள் போகி ராத்திரி வந்து இறங்குவது இந்த நேரத்தில்தான். காணும் பொங்கல் சாயங்காலம் கிளம்பிவிடுகிறீர்கள். வந்தவர்களைக் கவனிக்கணும், புதுத்துணி, கரும்பு, மாட்டுக்குக் கொம்புச் சாயம், நடுவில் அறுப்பு மெஷின்காரன் போன். "என்ன சித்தப்பா, முகம் குடுத்தே பேச மாட்டேங்குறீங்க"ன்னு கேட்கிறார்கள். என்னத்தைச் சொல்ல!

மார்கழிக்கு இன்னொரு சௌகரியம் இருக்கு. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவும் கிடையாது. சாமி மாசம் என்று பெரியவங்க சொல்வாங்க. இருக்கட்டும். எனக்கு என்னமோ, பயிர் வயலில் இருக்கு, காசு கையில் இல்லை, இந்த மாசத்தில் மொய்ச் செலவு வேணாம்னு எந்தக் கெட்டிக்கார விவசாயியோ ஏற்பாடு பண்ணின மாதிரிதான் தோணுது. எப்படியோ, எல்லாரும் ஊரில் இருப்பார்கள்.

சரி, வந்தால் என்ன இருக்கு என்று கேட்பீர்கள். பெருசா ஒண்ணும் இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

விடிகாலை கோயில் ஸ்பீக்கர் எழுப்பிவிடும். வாசலில் பெண்கள் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பரங்கிப்பூ வைப்பார்கள். எந்த வீட்டுக் கொல்லையில் பூ நிறைய பூத்திருக்கு என்பதில் சின்னதாக ஒரு அரசியலே நடக்கும். பெருமாள் கோயிலில் தொன்னையில் சூடாக வெண்பொங்கல் கிடைக்கும். தென்னை மட்டையும் பாளையும் எரிய வெந்நீர் அடுப்பு ஓடும், அதைச் சுத்தி குளிர் காய நாலு பேர் உட்கார்ந்திருப்போம். வயலுக்குப் போனால் ஒவ்வொரு தாளின் நுனியிலும் பனி. பயிருக்கு இடையில் எட்டுக்கால் பூச்சி கட்டின வலையெல்லாம் பனி பட்டு வெள்ளையாகத் தெரியும். எட்டு மணி வெயில் வந்தால் ஒன்றும் இருக்காது.

அப்புறம், நெல்லுக்குப் பூ உண்டு என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சம்பா பூக்கிறது மார்கழியில். காலை ஒன்பது மணிக்கு மேல் பதினொரு மணிக்குள் வந்தால் பார்க்கலாம். உமி வாய் திறந்து, வெள்ளையாக, ஊசி முனை அளவில் மகரந்தம் தொங்கும். ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு உமி மூடிக்கொள்ளும். அதுக்குள்ளதான் உங்க சோறு முடிவாகுது. அந்த நேரத்தில் வயலுக்குள் இறங்காதே, கதிரைத் தட்டாதே என்று எங்க அப்பா அதட்டுவார். ஒரு வாரம் பத்து நாள் கழித்து மணியை நசுக்கினால் பால் வரும். பிள்ளைகள் கையில் ஒரு மணி கொடுத்து நசுக்கச் சொல்லுங்கள். அரிசிக்கு முன்னாடி பால் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் இப்படிச் சொல்லித் தராது.

தின்பதற்கும் குறைவில்லை. கொல்லையில் மொச்சை காய்த்திருக்கும், கத்திரிக்காய் சேர்த்து குழம்பு வைத்தால் பழைய சோத்துக்கு வேறு எதுவும் வேணாம். சர்க்கரைவள்ளி வரும், பனங்கிழங்கு வர ஆரம்பிக்கும். பக்கத்து ஊரில் மாதா கோயில் இருக்கு. டிசம்பர் பிறந்ததும் அந்தத் தெருவெல்லாம் ஸ்டார் தொங்கும், கிறிஸ்துமஸ் அன்றைக்கு எங்க வீட்டுக்கும் கேக் வரும். பொங்கலுக்கு நாங்கள் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புவோம். இது இன்றைக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை.

இதற்கு நீங்கள் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். கொசு கடிக்குது, டவர் கிடைக்கலை, பிள்ளைகளுக்கு போர் அடிக்குது. மூணும் உண்மைதான். எங்க ஊர்ப் பிள்ளைகளே லீவு விட்டால் போனும் கையுமாக மதகில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் நாள் உங்க பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருப்பான். ரெண்டாம் நாள் கிட்டி எடுக்க கூட வருவான். மூணாம் நாள் எத்தனை எலி விழுந்திருக்குன்னு அவனே முதலில் போய் எண்ணுவான். அந்த மூணாம் நாள் பொங்கல் கூட்டத்தில் வராது, ஏன்னா அன்றைக்கு நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நான் இதை இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறு காரணம் இருக்கு. எங்க தெருவில் சில வீடுகள் பொங்கலுக்கு மட்டும்தான் திறக்கின்றன. அந்த வீட்டுப் பெரியவர்கள் போய்ச் சேர்ந்ததும் நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சு வருகிறது. பேசுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்களுக்கு அந்த வயல் கரும்போடு போட்டோ எடுத்துக்கொண்ட இடம், அவ்வளவுதான். எந்த மூலையில் தண்ணி நிற்கும், எந்த வரப்பில் வளை அதிகம், தாத்தா எங்கே உட்கார்ந்து வெற்றிலை போடுவார் என்று ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்துக்கு என்ன செய்வார்கள்? விலை கேட்பார்கள். விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவரவர் கஷ்டம் அவரவருக்கு. விற்கும்போது எதை விற்கிறோம் என்றாவது தெரிந்திருக்கணும் என்கிறேன்.

இப்போ ஊர் ஊருக்கு ரிசார்ட்டில் கிராமத்துப் பொங்கல் என்று மாட்டு வண்டி ஓட்டிக் காட்டுகிறார்கள். போங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே எல்லாமே உங்களுக்காக நடக்கும். எங்க ஊரில் மார்கழியில் எதுவும் உங்களுக்காக நடக்காது. மாடு பாட்டுக்கு மேயும், நெல் பாட்டுக்குப் பால் பிடிக்கும். பிள்ளைகளுக்கு அதுவும் தெரியணும் இல்லையா?

மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் மன்னார்குடி. பொங்கல் டிக்கெட்டுக்கு அடிச்சுக்கிற மாதிரி இதுக்கு அடிச்சுக்க வேணாம். ஊர் உங்களுக்கு வேறாக இருந்தாலும் சரி, உங்க சித்தப்பாவோ மாமாவோ அங்கேயும் இதே மாதிரி ஒருத்தர் இருப்பார், அவருக்கு ஒரு போன் போடுங்கள். ஸ்வீட் பாக்ஸ் எதுவும் வேணாம். பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர், சேறு பட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய டவுசர், அது போதும். மூணு நாள் தங்குவோம் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள், வீட்டில் மொச்சை ஊறப் போடணும்.