‘கன்வெர்ட்’ என்கிற பொய்யும் எங்கட றபானும்

ஒரு சொல்லோட சண்டை பிடிக்கத்தான் இந்தக் கட்டுரை. அந்தச் சொல் ‘கன்வெர்ட்’. “ஹாட் டிஸ்க்கை மெக்குக்குக் கன்வெர்ட் பண்ணித் தாறம்” என்று கடையில சொல்றாங்க, யூடியூபில சொல்றாங்க, எங்கட வாட்ஸ்அப் குழுவிலயும் சொல்றாங்க. கன்வெர்ட் என்றால் உள்ளே இருக்கிறது அப்படியே இருக்கும், சட்டை மட்டும் மாறும் என்றுதான் கேக்கிறவன் நினைப்பான். ஆனா அங்க நடக்கிறது பெரும்பாலும் போமட். இருந்த கணக்கை அழிச்சிப்போட்டு வெறுங்கொப்பியில புதுசா தொடங்குறது. இந்த ரெண்டு சொல்லையும் ஒன்றாக்கிப் பேசுறதால காணாமப் போறது என்ன என்று நாம கதைக்கிறதே இல்ல.

இது அறுகம்பேயிலயும் கல்முனையிலயும் ஏன் பெரிய விசயம்? சித்திரைக்குப் பிறகு சீசன் தொடங்கினா அலைக்கு வாற வெள்ளைக்காரர் பலரிட்ட மெக்புக். எங்கட பொடியன்மாரிட்ட இருக்கிறது விண்டோஸ் லப்டொப், பாதி கட்டாரில இருக்கிற காக்கா அனுப்பினது. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பீட் செய்யலாம் என்று உக்காந்தா, முதல்ல முட்டுறது தாளம் இல்ல, ஹாட் டிஸ்க். என்டிஎஃப்எஸ்ல இருக்கிற டிஸ்க்கை மெக் வாசிக்கும், தன்பாட்டில அதில எழுதாது. மெக்கில போமட் பண்ணின டிஸ்க்கை விண்டோஸில குத்தினா, பல நேரம் ஒரு பெட்டி எழும்பி “பாவிக்கிறதுக்கு முன்னம் போமட் பண்ணணும், பண்ணவா?” என்று கேக்கும். டிஸ்க்கில ஒரு பழுதும் இல்ல. விண்டோஸுக்கு அந்தப் பாசை தெரியாது, அவ்வளவுதான். அந்தப் பெட்டியில ‘ஓகே’ அமத்துறதைத்தான் நாம கன்வெர்ட் என்று பேர் வச்சிருக்கம்.

கோப்பு முறைமை என்கிறது ஒரு கணக்குக் கொப்பி. எந்தக் கோப்பு டிஸ்க்கில எந்த இடத்தில தொடங்குது, எங்க முடியுது, எந்த இடம் சும்மா கிடக்கு என்று எழுதி வைக்கிற கொப்பி. ஒவ்வொரு கொம்பனியும் தன்ர கொப்பியைத் தன்ர விதத்தில எழுதினது. மைக்ரோசொஃப்ட் 1993ல என்டிஎஃப்எஸ் கொண்டு வந்தது. அப்பிள் 1998ல எச்எஃப்எஸ் பிளஸ், 2017ல ஏபிஎஃப்எஸ். எல்லாருக்கும் விளங்கின பழைய ஃபெட்32ல ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட ஏலாது. சாம்பிள் லைப்ரரிக் கோப்புகள் அதை லேசாத் தாண்டும். அதுக்காக 2006ல வந்ததுதான் எக்ஸ்-ஃபெட். விண்டோஸும் மெக்கும் ரெண்டும் அதில எழுதும்.

உண்மையா ‘கன்வெர்ட்’ என்று சொல்லக்கூடிய வழிகள் சில மட்டும்தான் இருக்கு. விண்டோஸில ‘கன்வெர்ட்’ என்றே ஒரு கட்டளை இருக்கு. அது ஃபெட்32ஐ என்டிஎஃப்எஸ் ஆக்கும், உள்ளே இருக்கிறதை அழிக்காது, ஆனா திரும்பிப் போக விடாது. மெக்கில டிஸ்க் யூட்டிலிட்டி எச்எஃப்எஸ் பிளஸை ஏபிஎஃப்எஸ் ஆக்கும். என்டிஎஃப்எஸ்ல இருந்து எக்ஸ்-ஃபெட்டுக்கோ, மெக்கில இருந்து விண்டோஸுக்கோ அந்தந்த மெஷினோட வாற வழி ஒன்றும் இல்ல. எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு எடுத்து, போமட் பண்ணி, திரும்பப் போடணும்.

வேற டிஸ்க் எங்க இருக்கு? இதுதான் கேள்வி. 2022ல ஒரு டொலர் 200 ரூபா சொச்சத்தில இருந்து 360 ரூபா வரைக்கும் ஏறினது. இறக்குமதிச் சாமான் எல்லாத்தின்ர விலையும் கூடவே ஏறிச்சு. ஒரு டிஸ்க் வாங்குறதே பெரும்பாடு என்கிற வீட்டில, ரெண்டாவது டிஸ்க் என்கிற பேச்சு ஆடம்பரமாத் தெரியும். அந்த இடைவெளியிலதான் ‘கன்வெர்ட்’ என்கிற இனிப்பான சொல் வந்து உக்காருது.

அடுத்தது, “எல்லாத்தையும் எக்ஸ்-ஃபெட் ஆக்கு, பிரச்சினை முடிஞ்சிது” என்கிற பண்டிதர்மார். பாட்டை ஒரு மெஷினில இருந்து இன்னொரு மெஷினுக்குக் கொண்டு போறதுக்கு எக்ஸ்-ஃபெட் நல்ல வண்டி. ஆனா அதையே வீடாக்காதீங்க. என்டிஎஃப்எஸும் எச்எஃப்எஸ் பிளஸும், செய்யப்போற மாற்றத்தை முதல்ல ஒரு குறிப்பேட்டில எழுதி வச்சிட்டுத்தான் கணக்கில கைவைக்கும். ஏபிஎஃப்எஸ் பழைய கணக்கை விட்டுட்டு புது இடத்தில எழுதி, எழுதி முடிஞ்ச பிறகுதான் மாறும். எக்ஸ்-ஃபெட்டில அந்தக் குறிப்பேடு இல்ல. எழுதிக்கொண்டிருக்கிற நேரம் கேபிள் கழண்டா, கரண்ட் போனா, கணக்கே குழம்பலாம். 2022 பங்குனி கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாடு இது. இங்க இருந்துகொண்டு இதை அலட்சியமாக் கதைக்க ஏலாது.

இன்னொரு கணக்கும் இருக்கு. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை விண்டோஸில எக்ஸ்-ஃபெட்டா போமட் பண்ணினா, வழமையா ஒரு கோப்புக்குக் குறைஞ்சது 128 கேபி இடம் ஒதுக்கும். உங்கட சாம்பிள் 20 கேபிதான் என்றாலும் 128 கேபி பிடிக்கும். அப்படி 10,000 குட்டிச் சத்தம் வச்சிருந்தா, 200 எம்பி சாமான் 1.2 ஜிபிக்கு மேல இடம் பிடிக்கும். என்டிஎஃப்எஸ்ல வழமையான ஒதுக்கீடு 4 கேபி. ஆகவே வேலை செய்யிற லைப்ரரியை உங்கட மெஷினின்ர சொந்தக் கொப்பியில வையுங்க. எக்ஸ்-ஃபெட்டைப் பயணத்துக்கு வையுங்க.

இது மட்டும்தான் என்றால் ஒரு செய்முறைக் குறிப்போட நிப்பாட்டியிருக்கலாம். என்ர கோவம் வேற இடத்தில இருக்கு. அந்த டிஸ்க்குக்குள்ள என்ன கிடக்கு என்று ஒருக்கா திறந்து பாருங்க. ஒரு பக்கம் கொன்டாக்ட் லைப்ரரிகள். ‘இந்தியா’ என்று ஒரு பொதி, ‘மிடில் ஈஸ்ட்’ என்று ஒரு பொதி. தபேலாவும் தர்புக்காவும் பத்து விதத்தில அடிச்சு வச்சிருக்கு. மற்றப் பக்கம் ‘நியூ ஃபோல்டர் 3’ என்று ஒன்று. அதுக்குள்ள யாரோ ஒரு மூத்தம்மா சொன்ன கவி. கந்தூரியில பாவாமார் றபான் அடிச்சுப் பாடின பைத். கரைவலை இழுக்கிற ஆக்களின்ர அம்பா. கலியாண வீட்டுக் குரவை. பொல்லடிச் சத்தம். மருதமுனையில கைத்தறி ஓடுற சத்தம்.

போமட் ரெண்டையும் ஒரே மாதிரித்தான் துடைக்கும். ஆனா பேர்லினில இருக்கிற கொம்பனியின்ர லைப்ரரியைத் திரும்ப இறக்கலாம். நெட் காட் முடியும், நாலு நாள் எடுக்கும், அவ்வளவுதான். மூத்தம்மா மௌத்தாகிட்டா அந்தக் கவியை எங்க இருந்து இறக்குறது? நாம இந்த ரெண்டையும் ஒரே டிஸ்க்கில, ஒரே மதிப்பில வச்சிருக்கிறதுதான் அநியாயம். இன்னும் சொன்னா, விலைபோட்டு விக்கிற சத்தத்துக்கு ஒழுங்கான பேர், ஒழுங்கான ஃபோல்டர். எங்கட சத்தத்துக்கு ‘நியூ ஃபோல்டர் 3’.

இந்தக் கரைக்கு இழப்பு என்றால் என்ன என்று யாரும் படிப்பிக்கத் தேவையில்ல. 2004 டிசம்பர் 26ல இலங்கையில கூடுதலான உயிர்ப்பலி எடுத்தது அம்பாறை மாவட்டத்திலதான். பத்தாயிரத்துக்கும் மேல. ஆக்களே போன இடத்தில படத்தையும் கசட்டையும் யார் எண்ணினது? அதுக்குப் பிறகும் தப்பி இருக்கிற கசட்டுகள் இன்னொரு ஆபத்தில கிடக்கு. 2019ல யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி ஆவணக் காப்பகச் சங்கமும் காந்த நாடாக்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை விட்டாங்க. 2025க்குப் பிறகு வாசிக்கிற கருவியே கிடைக்கிறது கஷ்டமாகலாம் என்கிறது அதின்ர சாரம். கடலும் காலமும் கொண்டு போறதைத் தடுக்க ஏலாது. ‘ஓகே’ பட்டனை அமத்தாம இருக்க ஏலும்தானே?

“இதெல்லாம் கடைக்காரப் பொடியன்ட வேலை, எங்களுக்கென்ன” என்பாங்க. அவனுக்கு உங்கட டிஸ்க் ஒரு வாடிக்கையாளர்ட டிஸ்க். உள்ள இருக்கிறது யார்ட குரல் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? “கூகிளில கிடக்கும்” என்பாங்க. சும்மா தாற இடம் 15 ஜிபி. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில ஒரு மணித்தியாலம் பதிஞ்சா ஒரு ஜிபி சொச்சம். கொடியேற்றத்தின்ர ரெண்டு இரவுப் பதிவிலயே அது நிரம்பிடும். “வாட்ஸ்அப்பில அனுப்பி வச்சிருக்கன்” என்றால், அது குரலைச் சுருக்கி, பாதியைக் கழிச்சிட்டுத்தான் அனுப்பும். இன்னும் சிலர் “இந்தப் பாட்டெல்லாம் கூடுமா கூடாதா” என்று கேப்பாங்க. அந்த விவாதத்தை நடத்துறவங்க நடத்தட்டும். ஒரு ஊர் எப்படிக் குரல் எடுத்தது என்கிற சாட்சியை அழிச்சிட்டு நடத்தத் தேவையில்ல.

செய்ய வேண்டியது பெரிய மந்திரம் இல்ல. பதியிற நேரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில வேவ் கோப்பாப் பதியுங்க, ஒலி ஆவணக்காரர் குறைந்தபட்சமாச் சொல்றது அதுதான். கோப்புக்குத் திகதி, ஊர், பாடினவரின்ர பேர் போடுங்க, அவருக்கிட்ட சம்மதம் கேளுங்க. ஒரு பிரதி உங்கட டிஸ்க்கில, இன்னொரு பிரதி கரையில இருந்து தள்ளி இருக்கிற ஒரு சொந்தக்காரர் வீட்டில. ஒரு ஆளால ரெண்டு டிஸ்க் வாங்க ஏலாட்டி அஞ்சு பேர் சேர்ந்து வாங்குங்க, கிரிக்கெட் பெட் வாங்குறதுக்குச் சேருறம்தானே. பாடினவர் சம்மதிச்சா நூலகம் நிறுவனத்தோட கதையுங்க. 2005ல இருந்து இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின்ர ஆவணங்களை அவங்க சேர்த்துக்கொண்டு வாறாங்க.

ஏற்கனவே போமட் ஆகிட்டா, உடனே கையை எடுங்க. ஒன்றும் புதுசா எழுதாதீங்க. விரைவு போமட் கொப்பியைத்தான் கிழிக்கும், சாமான் கொஞ்சக் காலம் உள்ளே கிடக்கும், மீட்பு மென்பொருள் எடுத்துத் தரலாம். சுத்துற ஹாட் டிஸ்க்கில வாய்ப்புக் கூட, எஸ்எஸ்டியில மிச்சம் குறைவு.

கடையில கொடுக்கிற நேரம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “இதில இருக்கிறது அழியுமா, அழியாதா?” அழியும் என்றால் பில்லில ‘போமட்’ என்று எழுதச் சொல்லுங்க. ‘கன்வெர்ட்’ என்று எழுத விடாதீங்க.